ரணம் ஆறினால் நலமா?

பிள்ளை பிறந்த செய்தியை உற்றார் உறவினர்க்கு அறிவிக்க நம்மவர் வழங்கிவரும் சொற்கள் மூன்று: தாயும் சேயும் நலம். தந்தி சென்ற காலத்தில் இச்சொற்களே சென்றன. இன்று கைப்பேசியில் செல்வனவும் இவையே. சேய் நலம் என்பதற்கு அத்தாட்சி உண்டு. அது அழுகின்றது, பால் குடிக்கின்றது, அதன் எடை நிறுத்துக் குறிக்கப்படுகின்றது. தாய் நலம் என்பதற்கு அத்தாட்சி யாது? அவள் உயிரோடிருக்கிறாள் என்பதொன்றே. உயிரோடிருத்தல் வேறு, நலமாயிருத்தல் வேறு என்பதை மற்றெல்லா விஷயங்களிலும் ஒப்புக்கொள்ளும் நாம், பிள்ளை பெற்றவள் விஷயத்தில் மட்டும் இரண்டையும் ஒன்றாக்கி எழுதிவிடுகிறோம்.

பிரசவத்தினால் உடலில் காயமுற்று, அதற்கென ரண சிகிச்சையும் செய்துகொண்டு வீடு திரும்பிய ஒரு பெண்ணைப் பார்த்து, ‘இவள் குணமடைந்துவிட்டாள்’ என்று சொல்ல உரிமையுடையவர் யார்? தைத்த டாக்டரா, அழைத்து வந்த வீட்டாரா, அல்லது அவளேயா? இஃது ஆஸ்பத்திரிக்குள்ளே தீர வேண்டிய விஷயமென்று வாசகர்கள் ஒதுக்கிவிடலாகாது. ஒருவருடைய துன்பம் தீர்ந்ததா இல்லையா என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் எவரிடம் இருக்க வேண்டுமென்பது நியாயத்தைப் பற்றிய கேள்வியாகும்.

நமது மொழியில் சுகப்பிரசவம் என்றொரு சொல் உண்டு. வயிற்றை அறுக்காமல் பிள்ளை பிறந்தால் அதற்கு அந்தப் பெயர். முப்பது மணி நேரம் துடித்து, தசை கிழிந்து, தையல் போடப்பட்டு, ஒரு வாரம் உட்கார மாட்டாமல் கிடந்தாலும் அது சுகப்பிரசவந்தான். சுகம் யாருக்கு என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. இப்பெயரை இட்டவர் வெளித்திண்ணையில் காத்திருந்தவராகவே இருந்திருக்க வேண்டுமென்பது நம் அபிப்பிராயம்.

நிற்க. விஷயத்தை மூடிமூடிப் பேசியதனால்தான் இத்தனை காலமும் கேடு விளைந்தது. ஆதலின் சற்று விளக்கமாகவே கூறுவோம். குழந்தையின் தலை தாயின் இடுப்பெலும்பு வழியில் சிக்கி ஒரு நாள், இரண்டு நாளென நின்றுவிடுமாயின், தலைக்கும் எலும்புக்கும் நடுவே மூத்திரப்பையின் மெல்லிய சுவர் நசுங்குகின்றது. இரத்தவோட்டம் நின்ற இடம் செத்துப்போகின்றது. பெரும்பாலும் பிள்ளையும் இறந்தே பிறக்கின்றது. சில நாட்கள் சென்றபின் செத்த சதை கழன்று விழ, மூத்திரப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே ஓட்டை விழுகின்றது. சிலருக்கு மலக்குடலிலும் அவ்வாறே நேரும். அன்று முதல் அவள் வசமின்றி நீர் ஒழுகிக்கொண்டேயிருக்கும். இரவென்றும் பகலென்றும் இல்லை. பிஸ்டுலா என்று டாக்டர்கள் கூறுவது இதனையே. முன்வினைப் பயனென்றும் நடத்தைப் பிசகென்றும் ஊரார் கதை கட்டுவர். உண்மையில் அது நசுங்கிய சதையின் கதியேயன்றி வேறில்லை. மற்றொரு வகைக் காயம், பிள்ளை வெளிவரும்போது பிறப்புறுப்பிலிருந்து மலவாயின் சுருக்குத்தசை வரையில் கிழிந்துபோவது. இன்னொன்று, அடிவயிற்றைத் தாங்கும் தசைகள் தளர்ந்து கர்ப்பப்பையே கீழிறங்கிவிடுவது. தோட்டப்புறங்களில் ‘அடி தள்ளிவிட்டது’ என்று பெண்கள் காதோடு காதாகச் சொல்லிக்கொள்வது இதைத்தான்.

இவை புதிய நோய்களல்ல. கி.மு. 2050 அளவில் எகிப்து நாட்டு அரண்மனையில் வாழ்ந்த ஹென்ஹெனித் என்பவளின் பதப்படுத்தப்பட்ட உடலை 1935-இல் ஆராய்ந்த டெர்ரி என்பார், அவ்வுடலில் இத்தகைய ஓட்டையைக் கண்டார். நாலாயிரம் ஆண்டுகளாகப் பெண்கள் இதனைச் சுமந்து வந்திருக்கின்றனர். இதைத் தைத்து மூடும் வித்தையை உலகுக்கு நாட்டியவர் என்று புகழப்பட்டவர் அமெரிக்க டாக்டர் மேரியன் சிம்ஸ் ஆவார். அலபாமா மாகாணத்து மாண்ட்காமரி நகரில், 1845 முதல் 1849 வரை, அடிமைப் பெண்களின் உடலில் அவர் இவ்வித்தையைப் பழகினார். அனார்க்கா, பெட்ஸி, லூசி என்ற மூவர் பெயரே நமக்குத் தெரிகின்றன. அவர்களை அனுப்பி வைத்தோர் அவர்களுடைய எசமானர்கள். வலி தெரியாதிருக்க ஈதர் மருந்து கொடுக்கலாமென்பது 1846-இல் வெளியாயிற்று. எனினும் அம்மருந்தின்றியே அறுவை நடந்தது. அனார்க்காவுக்கு ஏறக்குறைய முப்பது முறை கத்தி வைத்த பின்னரே வெள்ளிக் கம்பியால் போட்ட தையல் பிடித்தது. உலகம் கைதட்டிற்று. நியூயார்க் நகரப் பூங்காவில் சிம்ஸுக்குச் சிலை வைத்தார்கள். 2018-இல்தான் அதை அங்கிருந்து அகற்றினார்கள்.

சிம்ஸின் தையலால் பிற்காலத்தில் எண்ணற்ற பெண்கள் நன்மையடைந்தனர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புகழ்க்கதை எந்த இடத்தில் முடிகின்றதென்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தையல் பிடித்ததோடு கதை முடிந்துவிடுகின்றது. ஓட்டை மூடிய உடலோடு அனார்க்கா என்ன செய்தாள், வலியின்றி நடந்தாளா, அடிமையாகவே திரும்பிப் பருத்திக் காட்டுக்குப் போனவள் எவ்வகையில் நலம் பெற்றவள் என்று கொண்டாடியவர் எவரும் கேட்கவில்லை. குணம் என்ற சொல்லுக்கு டாக்டரின் கைத்திறமை ஒன்றையே அளவாக வைத்தால் இவ்வாறுதான் முடியும்.

சிங்கப்பூரில், நம்மவர் மிகுதியாகப் புழங்கும் சிராங்கூன் சாலைக்கு அருகிலேயே இவ்வரலாற்றின் நல்ல அத்தியாயம் ஒன்று நடந்தது. காண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயருக்கு எருமைக் கொட்டில் என்பது பொருள். பெயரைக் கேட்டு நகைப்பவர் நகைக்கட்டும். ஒரு தலைமுறையே பிறந்த இடம் அது. 1924 அக்டோபர் முதல் நாள் அங்கே 30 படுக்கைகளோடு இலவசப் பிரசவ ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. 1966-இல் அங்கு பிறந்த குழந்தைகள் ஏறக்குறைய 40,000; ஒரே ஆஸ்பத்திரியில் இத்தனை பிரசவங்களா என்று உலகமே வியந்தது. 1997-இல் அது புக்கித் தீமா சாலையிலுள்ள புதிய கட்டடத்துக்கு மாறிற்று. அவ்வாஸ்பத்திரியில் பணியாற்றிய டாக்டர் பெஞ்சமின் ஷியர்ஸ், 1940-களின் தொடக்கத்தில், கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியைக் குறுக்கே அறுத்துப் பிள்ளையை எடுக்கும் சிசேரியன் முறையை இவ்வூரில் வழக்கிற்குக் கொண்டுவந்தார். மேற்பகுதியை அறுக்கும் பழைய முறையில் இரத்தச் சேதமும், அடுத்த கர்ப்பத்தில் தழும்பு பிளக்கும் அபாயமும் அதிகம். அதனால் டாக்டர்கள் அறுக்கத் தயங்கினர். தயங்கிய நேரத்தில் தாயின் சதை நசுங்கியது. அபாயம் குறைந்தபோது தயக்கமும் குறைந்தது. 1971 முதல் 1981-இல் மறையும் வரை சிங்கப்பூரின் ஜனாதிபதியாக இருந்தவரும் இந்த ஷியர்ஸே என்பதைப் பலர் அறிவர். பாலத்துக்கு அவர் பெயர் இருப்பதையும் அறிவர். நமக்கோ அவருடைய கத்தியே பெரிதாகத் தோன்றுகின்றது.

பிரசவம் தடைப்பட்டவுடன் அறுத்துப் பிள்ளையை எடுக்கும் வசதி எங்கெங்கே வந்ததோ அங்கெல்லாம் பிஸ்டுலா அருகிற்று. சிங்கப்பூரில் பிரசவ நெருக்கத்தால் அது உண்டாவது இன்று மிக அரிது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவின் ஏழை நாடுகளிலும் இன்னும் ஆண்டுதோறும் 50,000 முதல் 1,00,000 பெண்கள் வரை புதிதாக இதற்கு ஆளாகின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. ஆகவே இது நம்மூர்க் கவலையன்று என்று சிலர் நிம்மதியடையலாம். அந்த நிம்மதி பொருந்தாது. தசைக் கிழிசலும், அடி தளர்வும், தும்மினாலும் சிரித்தாலும் நீர் கசிவதும் சிங்கப்பூரிலும் உண்டு, மலேசியாவிலும் உண்டு, எல்லா நாட்டிலும் உண்டு. ஆஸ்பத்திரி எத்துணைச் சிறந்ததாயினும் பிள்ளை அவ்வழியேதான் வர வேண்டும்.

தோட்டத்து அன்னையரை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, பால் வெட்டி, நிறைந்த வாளிகளைக் காண்டாவில் தூக்கி மேடு பள்ளம் ஏறி இறங்கியவர்கள் அவர்கள். தளர்ந்த அடித்தசைக்குக் கனம் தூக்குவதைப்போல் கெடுதி வேறில்லை. லயத்து வீட்டில் மருத்துவச்சி கையில் பிள்ளை பெற்று, ஆயக்கொட்டகையில் அதைக் கிடத்திவிட்டு மீண்டும் வாளி தூக்கப் போனவள், தன் உடம்பில் எது இறங்கிற்று என்று தோட்டத்து டிரசரிடம் எங்ஙனம் சொல்வாள்? டிரசர் ஆண்பிள்ளை. கிராணியிடம் சொன்னால் அரைப்பேர் போட்டுவிடுவான். ஆகவே அவள் உள்ளே துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு முப்பது ஆண்டுகள் பால் வெட்டினாள். அவளுடைய பேரப்பிள்ளைகள் இன்று பட்டணங்களில் நல்ல பதவியிலிருக்கின்றனர். பாட்டி ஒருநாளும் படுத்ததில்லை என்று பெருமையாகவும் பேசுகின்றனர்.

இனி, தீர்ப்பளிக்கும் உரிமை கோருவோர் மூவரையும் ஒவ்வொருவராக விசாரிப்போம்.

டாக்டரின் அளவுகோல் தையல். அவர் சொல்வதில் பொய்யில்லை. பிஸ்டுலா ஓட்டைகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவற்றை மூடிவிட முடிகின்றது. மலவாய்த் தசை கிழிந்து தைக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஆறு முதல் எட்டுப் பேர் வரை ஓராண்டுக்குள் யாதொரு தொல்லையுமின்றி இருக்கின்றனர். இவை நற்செய்திகளே. ஆயினும் ஓட்டை மூடிய பின்னும், தாங்கும் தசைகள் சேதமுற்றமையால் நீரை அடக்க முடியாத பெண்கள் ஒரு பகுதியினர் இருக்கின்றனர். டாக்டரின் புத்தகத்தில் அவர்கள் வெற்றிக் கணக்கில் இருப்பர். அவர்களுடைய சேலை நனைந்துகொண்டேயிருக்கும். தழும்பு இறுகிக் கணவனோடு கூடுவதே வேதனையானவர்களும், நரம்பு நசுங்கிக் கால் இழுத்து நடப்பவர்களும், இனிப் பிள்ளையில்லை என்றானவர்களும் உண்டு. இறந்து பிறந்த பிள்ளையின் துக்கத்துக்கு எந்தத் தையலும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 1946-இல் இயற்றி 1948-இல் நடைமுறைக்கு வந்த தன் சாசனத்தில், நோயில்லாமை மட்டும் சுகமாகாது, உடலும் உள்ளமும் சமூக வாழ்வும் நன்றாயிருப்பதே சுகமென்று வகுத்தது. சாசனம் வகுத்தது வகுத்தபடியே இருக்க, ஆஸ்பத்திரிக் கணக்குகள் நெடுங்காலம் தையலையே எண்ணிக்கொண்டிருந்தன.

வீட்டாரின் அளவுகோலோ வேலை. அடுப்படிக்கு வந்துவிட்டாளா, தண்ணீர் தூக்குகிறாளா, கணவன் அறைக்குப் போகிறாளா என்பனவே அவர்கள் பார்ப்பவை. நாற்பதாம் நாள் வரை நம் குடும்பங்கள் பச்சை உடம்புக்காரியைப் பரிவோடு பேணுவதை நாம் போற்றுகிறோம். சிராங்கூன் சாலைக் கடைகளில் இன்றும் பிரசவ மருந்துச் சாமான்கள் கட்டித் தருகிறார்கள். பூண்டும் மிளகும் கருவாட்டுக் குழம்புமாக நாற்பது நாள் உபசாரம். நாற்பத்தொன்றாம் நாள் தலைக்கு ஊற்றி, பழைய சுமை அத்தனையும் அவள் தலைமேல் ஏற்றப்படுகின்றது. காயத்தின் உண்மைத் தன்மை தெரியத் தொடங்குவதோ பெரும்பாலும் அதன் பின்னர்தான். எழுந்து நடமாடி, கனம் தூக்கி, வெளியே போய் வரும்போதுதான். கவனிப்பு நின்ற நாளில் நோய் வெளிப்படுகின்றது.

அப்படியாயின், அவளையே கேட்டுவிடலாமே என்று வாசகர்கள் கூறுவார்கள். நாமும் அவ்வாறே கூற விரும்பினோம். ஆனால் இங்கே ஒரு முட்டுக்கட்டை இருக்கின்றது. வங்காளப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டாகிய 1944-இல், கல்கத்தாவுக்கு அருகிலுள்ள சிங்கூரில் அகில இந்திய சுகாதாரக் கழகத்தார் ஒரு விசாரணை நடத்தினார்கள். மனைவியை இழந்த ஆண்களில் நூற்றுக்கு 48.5 பேர், தாம் நோயுற்றிருப்பதாகவோ உடல்நிலை சரியில்லை என்றோ சொன்னார்கள். கணவனை இழந்த பெண்களில் அவ்வாறு சொன்னவர் நூற்றுக்கு 2.5 பேர்தான். உடம்பு ஏதோ ஒருமாதிரியாக இருக்கிறது என்று சொன்ன கைம்பெண் ஒருத்திகூட இல்லை. பஞ்சத்தில் அடிபட்ட ஊரில், குடும்பத்தில் கடைசிச் சோறு உண்ணும் கைம்பெண்கள், எல்லாரினும் சுகமாக இருந்தார்களாம்! இந்தக் கணக்கை எடுத்துக்காட்டி, ஒருவர் வாய்மொழியை மட்டும் கொண்டு அவருடைய நலத்தை அளப்பது எத்துணைப் பிழையாகும் என்று பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் வாதித்தார்.

சுகமா என்று கேட்டால் சுகம் என்பதே நம் பெண்கள் கற்ற விடை. அது விடையன்று, மரியாதை. எனினும் இதிலிருந்து, ‘அவளுக்குத் தெரியாது, நாங்களே தீர்மானிக்கிறோம்’ என்று முடிவுகட்டினால், நாமும் அனார்க்காவின் எசமானர்களோடு போய்ச் சேர்ந்துவிடுவோம். ஆகையால் இவ்விடத்தில் மிக நிதானமாக ஆலோசிக்க வேண்டும். சிங்கூரில் மனைவியிழந்த ஆண்மகன் ஏன் குறை சொன்னான்? சொன்னால் மகளோ மருமகளோ கஞ்சி காய்ச்சித் தருவாள் என்று அவனுக்குத் தெரியும். கைம்பெண் ஏன் சொல்லவில்லை? சொன்னால், வேலைக்காகாதவள், வீட்டுக்குப் பாரம் என்ற பேச்சு வரும். இருவருடைய உடம்பும் ஒன்றையே சொல்லியிருக்கலாம். கேட்பவர் என்ன செய்வாரென்ற எண்ணமே வாயைத் திறக்கவும் மூடவும் செய்தது. ஆகவே பிழை அவளுடைய அறிவில் இல்லை. உண்மை சொன்னால் தண்டனை கிடைக்கும் இடத்தில் நின்று நாம் கேள்வி கேட்கிறோம்.

இதற்கு நம் யோசனை இரண்டு பகுதியாகும். முதலாவது, சுகமா என்று மொத்தமாகக் கேட்பதை விட்டுச் சில்லறையாகக் கேட்க வேண்டும். பஸ்ஸில் ஒரு மணி நேரம் உட்கார முடிகிறதா? இரவில் எத்தனை முறை எழுகிறாய்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினால் என்ன ஆகிறது? வெளியே கிளம்பினால் முதலில் கழிப்பறை எங்கே என்றுதான் தேடுகிறாயா? கணவன் அருகே வந்தால் அச்சமாயிருக்கிறதா? கடைசியாக எப்போது ஒரு கலியாண வீட்டுக்குப் போனாய்? பொய்யான மரியாதைக்கு இக்கேள்விகளில் இடமில்லை. வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும் நடக்கும் தொலைவில் குடியிருந்தும், நீர் கசிந்தால் தீட்டாகுமென்று அஞ்சி ஆண்டுக்கணக்காகப் படியேறாத பெண்கள் இருப்பார்களாயின், அவர்கள் சுகமாயில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை. (கோயிலுக்குப் போக வேண்டுமா என்பது வேறு விவாதம். போக விரும்புகிறவளைத் தன் உடம்பே குற்றவாளியாக்கி வாயிலில் நிறுத்துகின்றது என்பதே நம் வருத்தம்.)

இரண்டாவது, உண்மை சொன்னால் தண்டனையில்லை என்ற நிலையை உண்டாக்க வேண்டும். இதனை டாக்டரால் தனித்துச் செய்ய முடியாது. எத்தியோப்பியாவின் தலைநகராகிய அடிஸ் அபாபாவுக்கு 1959-இல் சென்ற கேதரின் ஹாம்லின், ரெஜினால்ட் ஹாம்லின் என்ற டாக்டர் தம்பதிகள் பின்னர் 1970-களில் அங்கே பிஸ்டுலாவுக்கென்றே ஆஸ்பத்திரி அமைத்தார்கள். அங்கே குணமாகி வீடு திரும்பும் பெண்ணுக்குப் புதிய உடை உடுத்தி அனுப்புவது வழக்கம். சிறு காரியமாகத் தோன்றலாம். ஈரத்துணியோடும் நாற்றத்தோடும் வந்தவளுக்கு அது சிறிதன்று. எவ்வளவு தைத்தும் சரிப்படாதவர்களை வெற்றிக் கணக்கிலிருந்து நழுவவிடாமல், அவர்கள் கூடி வாழ்ந்து தொழில் செய்ய டெஸ்டா மெண்டர் என்ற குடியிருப்பையும் உண்டாக்கினார்கள். நோயாளியாக வந்த மமிட்டு காஷே என்ற பெண் அங்கேயே தங்கி வேலை பழகி, பள்ளிப் படிப்பின்றியே தேர்ந்த ரண சிகிச்சைக்காரியாகிப் பிறருக்குத் தைத்தாள். அவளுக்குச் சதையில் விழுந்த ஓட்டையை ஹாம்லின்கள் மூடினர். ஊர் தள்ளிய இடத்தை அவள் தானே மீட்டுக்கொண்டாள். இதில் எதைக் குணம் என்பது? நாம் பின்னதையே சொல்வோம். முன்னது இன்றிப் பின்னது வாராதென்பதையும் உடன் சொல்வோம்.

இவ்வளவையும் பத்திரிகையில் எழுத வேண்டுமா, நான்கு பேர் நடுவே பேசத் தகுந்ததா என்று முகம் சுளிப்போர் உண்டு. அவர்களுக்குத் திண்டிவனத்தில் நடந்ததை நினைவூட்டுகிறோம். 1890-களில் அங்கே ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து கணவன்மார்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவி செய்ய வேண்டுமென்று ஐடா ஸ்கட்டர் என்ற இளம்பெண்ணை வேண்டினர். அவள் டாக்டரல்லள், டாக்டராகிய தன் தந்தை வருவாரென்றாள். அந்நிய ஆண்மகன் தீண்டலாகாதென்று மூவரும் மறுத்துத் திரும்பினர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவரும் மேல்சாதி இந்து. இவ்விஷயத்தில் மட்டும் மூவருக்கும் ஒரே மதம். விடியுமுன் மூன்று பெண்களும் மாண்டனர். அந்த இரவுதான் ஸ்கட்டரை டாக்டராக்கிற்று. 1900-இல் வேலூரில் அவர் தொடங்கிய ஒற்றைப் படுக்கை வைத்தியசாலையே இன்றைய பெரிய ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. மானம் காப்பதாக எண்ணிச் செய்த மௌனத்துக்கு மூன்று உயிர் விலையாயிற்று. உயிரைக் கொல்லாத மௌனமும் உண்டு. அது நாற்பதாண்டுகள் துணி சுருட்ட வைக்கும்.

பொறுமையே பெண்ணுக்கு அணியென்பாருக்கு நாம் அதிகம் சொல்ல விரும்பவில்லை. தீர்க்க முடியாத துன்பத்தைப் பொறுத்தல் அணியாகலாம். பயிற்சியாலும் சிகிச்சையாலும் தணியக்கூடிய துன்பத்தைப் பொறுக்கச் சொல்பவர் பிறர் செலவில் நற்பெயர் வாங்குகிறவர்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் செய்யக்கூடியவை அரியனவல்ல. பிரசவத்துக்கு ஆறு வாரம் கழித்து டாக்டரிடம் திரும்பப் போகும் வழக்கம் இருக்கின்றது. அங்கே பெரும்பாலும் பிள்ளையைப் பற்றியே பேச்சு நடக்கும். உடன் செல்லும் கணவன் அந்தப் பேச்சைத் தாயின் பக்கம் திருப்பலாம். அல்லது அவள் தனியே பேசட்டுமென்று வெளியே எழுந்து போகலாம். வயதான தாயாரை அழைத்துப் போகும் குடும்பங்களில் மகனோ பள்ளிச் சிறுவனாகிய பேரனோ நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறான். அடி தள்ளியதை அவன் வாயால் டாக்டருக்குச் சொல்ல எந்தப் பாட்டி சம்மதிப்பாள்? தமிழறிந்த தாதி ஒருவரைக் கேட்டு வாங்குவதில் வெட்கமொன்றுமில்லை. அடித்தசைகளைச் சுருக்கி விரிக்கும் எளிய பயிற்சியை வீட்டில் இருந்தபடியே செய்யலாமென்பதும், அதனால் நீர்க்கசிவு பலருக்குக் குறையுமென்பதும் இன்னும் எத்தனையோ வீடுகளில் தெரியாது.

இறுதியாக நம் வீடுகளுக்குள்ளேயே இருக்கும் மற்றொரு பெண்ணைப் பற்றி. தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் சிங்கப்பூருக்குப் பணிப்பெண்ணாக வந்து, நம் பிள்ளைகளைத் தூக்கி, நம் முதியவர்களைப் புரட்டிப் படுக்க வைப்பவளைச் சொல்கிறோம். அவர்களிற் பலர் தங்கள் கிராமத்தில் பிள்ளை பெற்றுப் போட்டுவிட்டு வந்தவர்கள். ஆறு மாதத்துக்கொரு முறை அவளுக்கு டாக்டர் பரிசோதனை கட்டாயம். அவள் கர்ப்பமாயிருக்கிறாளா, தொற்றுநோய் உண்டா என்று அறிவது அப்பரிசோதனையின் முக்கிய நோக்கங்களுள் அடங்கும். அவள் பெற்ற பிள்ளையால் அவளுடம்பில் என்ன நேர்ந்ததென்று அதில் கேள்வியில்லை. சிங்கூர்க் கைம்பெண்ணைப்போலவே அவளுக்கும் விடை தயாராயிருக்கின்றது. உடம்பு சரியில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்களென்று அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா வட்டாரத்தில் அவள் தோழியரோடு உட்கார்ந்திருப்பதைக் காண்கிறோம். நம் வீட்டுப் பெண்மணிகள் அவளிடம், எசமானியாக அன்றி, பிள்ளை பெற்ற ஒருத்தி மற்றொருத்தியிடம் கேட்பதுபோல் அந்தச் சில்லறைக் கேள்விகளைக் கேட்கட்டும். கேட்குமுன்பே, ‘இதனால் உன் வேலை போகாது’ என்று சொல்லட்டும்; சொன்னபடி நடக்கவும் செய்யட்டும்.